திரியிலிருந்து பிரைமர் வரை

1690-இல் கடலூர் தேவனாம்பட்டினத்துக் கோட்டையைக் கிழக்கிந்தியக் கம்பெனி விலைக்கு வாங்கியபோது, பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம்வரை நிலம் அதற்குச் சொந்தம் என்று பேச்சு. அப்படிச் சேர்ந்த ஊர்கள் குண்டு கிராமங்கள் எனப்பட்டன. அக்காலப் பீரங்கிக்கு நெருப்பு வைத்தது கனன்று புகையும் ஒரு திரி. இன்றைய ரைஃபிள் தோட்டாவின் அடியில் பதிந்திருக்கும் பிரைமருக்கு அந்தத் திரியே மூதாதை.

1781 ஜூனில் சிதம்பரம் கோயிலுக்குள் அரண் அமைத்திருந்த ஹைதர் அலியின் வீரர்கள், கம்பெனித் தளபதி அயர் கூட்டின் தாக்குதலை முறியடித்தார்கள். ஜூலை 1-இல் பரங்கிப்பேட்டையில் கூட் வென்றார். அப்போது கம்பெனிச் சிப்பாயின் துப்பாக்கியில் திரி போய்ச் சிக்கிமுக்கிக் கல் வந்திருந்தது. கல் எஃகில் உரசித் தெறிக்கும் பொறி, கிண்ணத்து மருந்தில் விழ வேண்டும். மருந்து மழையில் நனைந்தால் துப்பாக்கி வெடிக்காது.

அந்தக் குறையைத் தீர்க்க வழி திறந்தவர் ஸ்காட்லாந்துப் பாதிரியார் அலெக்சாண்டர் ஃபோர்சைத். அடிபட்டதும் வெடிக்கும் ரசாயனத்தைக் கொண்டு சுடும் முறைக்கு 1807-இல் காப்புரிமை பெற்றார். பிறகு அந்த ரசாயனம் சிறு செப்புத் தொப்பிக்குள் அடங்கியது. 1860-களில் தோட்டாவுக்குள்ளேயே புகுந்தது. அதுவே பிரைமர். அதில் இரண்டு வகை: இங்கிலாந்தின் பாக்சர், அமெரிக்காவின் பெர்டான். பாக்சர் தோட்டாவில் நடுவே ஒரே துளை. சுட்ட பிரைமரை ஊசியால் எளிதில் தள்ளிவிடலாம். தோட்டாவைக் கையால் மறுபடி நிரப்புவோர் அதையே விரும்புவது இதனால்தான்.

பழைய பிரைமர்களில் இருந்த பொட்டாசியம் குளோரேட், வெடித்த பின் குழலில் உப்பை விட்டுச்சென்றது. உப்பு ஈரத்தை இழுக்கும். துடைக்காத குழல் துருப்பிடிக்கும். கடலூர் போன்ற கடற்கரை ஊர்களுக்கு அது பெரும் பகை. உப்பு விடாத ஈயக் கலவைகள் 20-ஆம் நூற்றாண்டில்தான் பரவின.

இன்று ரைஃபிள் பிரைமரில் சிறிது 4.45 மி.மீ., பெரிது 5.33 மி.மீ. கைத்துப்பாக்கிப் பிரைமரின் உலோகம் மெல்லியது. ரைஃபிளின் அழுத்தத்தில் கிழிந்துவிடலாம். மெதுவாக எரியும் மருந்து நிறைய நிரம்பிய தோட்டாவுக்குச் சூடு மிகுந்த மேக்னம் பிரைமர் வேண்டும். பிரைமரை மாற்றினால் அழுத்தமும் மாறும். ஆகவே மருந்தைக் குறைத்து, முதலிலிருந்து சோதிக்க வேண்டும்.

நம் நாட்டில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். உரிமம் உள்ளவரும் தோட்டா நிரப்பும் கையேடு குறிப்பிடும் பிரைமரைத் தவிர வேறொன்றைத் தொடக் கூடாது. இதில் ஊகத்துக்கு இடமே இல்லை.