கெல்லிஸ் புஷ் பசுமைத் தடை

கெல்லிஸ் புஷ் என்பது ஆஸ்திரேலியாவின் சிட்னி மாநகரில், ஹன்டர்ஸ் ஹில் பகுதியில் பரமட்டா ஆற்றங்கரையில் உள்ள சிறு இயற்கைக் காடு. 'பசுமைத் தடை' என்று பின்னர் பெயர்பெற்ற போராட்டமுறை 1971-இல் இங்குதான் தொடங்கியது.

ஏ. வி. ஜென்னிங்ஸ் என்னும் கட்டுமான நிறுவனம் இக்காட்டை அழித்து வீடுகள் கட்டத் திட்டமிட்டது. அதை எதிர்த்து அப்பகுதிப் பெண்கள் 13 பேர் ஒன்றுகூடினர். நகராட்சியிடமும் மாநில அரசிடமும் முறையிட்டுப் பயனில்லை. இறுதியில், ஜாக் மண்டி செயலாளராக இருந்த நியூ சவுத் வேல்ஸ் கட்டடத் தொழிலாளர் சங்கத்தை நாடினர்.

ஊர் மக்களின் விருப்பத்தை அறியப் பொதுக்கூட்டம் கூட்டுமாறு சங்கம் கேட்டது. நூற்றுக்கணக்கானோர் திரண்டு ஆதரவளித்தனர். அதன்பின், தன் உறுப்பினர்கள் அங்கு வேலை செய்யமாட்டார்கள் எனச் சங்கம் அறிவித்தது. சங்கம் சாராத ஆட்களைக் கொண்டு பணியைத் தொடங்கப்போவதாக நிறுவனம் கூறியது. காட்டில் ஒரு மரம் வெட்டப்பட்டாலும், அந்நிறுவனத்துக்காகத் தாங்கள் கட்டிவரும் மற்றொரு கட்டடம் பாதியிலேயே நின்றுவிடும் என வடக்கு சிட்னித் தொழிலாளர்கள் எச்சரித்தனர். வீட்டுத் திட்டம் நிறைவேறவில்லை.

கட்டடம் கட்டிப் பிழைப்பவர்கள், எதைக் கட்டுவது என்பதில் தங்களுக்கும் பொறுப்பு உண்டு எனக் கூலியை விட்டுக்கொடுத்து உணர்த்தியதே இதன் வரலாற்றுச் சிறப்பு. 1974-க்குள் இத்தகைய தடைகள் 40-ஐத் தாண்டின. 1983-இல் மாநில அரசு கெல்லிஸ் புஷ் நிலத்தைப் பொதுமக்களுக்கான திறந்தவெளியாக அறிவித்தது.