மேட்டூர் நீர்ப்பரப்பில் வலையிடக் கற்ற வரலாறு

நம் முன்னோர் ஆற்று மீனவர். எந்த மடுவில் வாளை கிடக்கும், எந்தப் பாறையிடுக்கில் விலாங்கு ஒளியும், புதுவெள்ளத்தில் கெண்டை எக்கரையோரமாய் எதிரேறும் என்பவற்றைத் தந்தையர் மைந்தர்க்குத் துடுப்புப் பிடிக்கக் கற்பிக்கும்போதே சொல்லிவைப்பர். காவிரியின் ஒரு பகுதியில் அக்கல்வி சில திங்களிற் பயனற்றுப்போன வரலாற்றை அன்பர்கட்கு எடுத்துரைக்கப் புகுந்தோம்.

1925-ல் தொடங்கிய மேட்டூர் அணை 1934 ஆகஸ்டுத் திங்களில் திறக்கப்பெற்றது. அதன் உயரம் 214 அடி. நீர்மட்டம் 120 அடியை எட்டுங்கால் ஏறத்தாழ 59 சதுரமைல் நிலம் நீருள் அடங்கும். அந்நாளைய சென்னை ஆளுநர் பெயரால் அதனை ஸ்டான்லி நீர்த்தேக்கம் என்பர். அணையால் விளைந்த பாசனப் பெருமையைப் பாடநூல்களே பேசும்; எமக்கு வேண்டுவது அச்சுவருக்குப் பின்னே நின்ற பரிசற்காரன் நிலை.

அவன் கண்டது ஓட்டமற்ற நீர். மடு எது, மேடு எது என்று காட்டச் சுழியுமில்லை, இரைச்சலுமில்லை. ஆற்றிற்கேற்ற வலை ஆழத்திற் பயன்படவில்லை. அடியிற் படிந்த வலையோ மூழ்கிய மரங்களின் கட்டைகளிற் சிக்கிக் கிழிந்தது. ஒரு வலை கிழிந்தால் ஒரு குடும்பம் கடன்படும் என்பதை நம்மவர்க்குச் சொல்லவேண்டா. கடலினின்று எதிரேறும் உல்லத்துக்கோ அணை கடக்கலாகாத தடையாயிற்று.

மீனும் புதிது. கோதாவரியினின்று கொணர்ந்து காவிரியில் விடப்பெற்ற கட்லா இத்தேக்கத்திற் பெருகியது. அதன் வாய் மேல்நோக்கியது. ஆதலின் மேல்மட்டத்து நீரிலே இரைதேடும். பின்னர் வந்த ரோகு நடுநீரிலும், மிர்கால் அடியிலும் மேய்வன. எனவே எவ்விடம் என்பதனோடு எத்துணை ஆழம் என்பதும் வினாவாயிற்று. அடிக்கயிறின்றி மேல்நீரில் தொங்கும் உடுவலையும், அடிக்கயிறு பூட்டிய ரங்கூன் வலையும் இங்கு வழக்குக்கு வந்தமை இவ்வினாவுக்கு விடையாகவே என்று கருதுகின்றோம். மாலையில் இட்ட வலையை வைகறையில் எடுப்பர். தெளிந்த நீரில் பகலில் மீன் வலையைக் கண்டு விலகுமன்றோ?

பரிசலோ வட்டவடிவினது, மூங்கிற் பிளாச்சால் முடைந்து முற்காலத்தில் தோல் போர்த்தது. ஆற்றில் நீரே அதனை இழுத்துச் செல்லும். தேக்கத்தில் ஒருவன் முன்னே குனிந்து துடுப்பால் நீரைத் தன்பால் இழுத்துக்கொண்டேயிருக்க, மற்றவன் வலையை விடுவான். இழுப்புச் சிறிது பிசகினும் பரிசல் தன்னைத்தானே சுழலும். ஆடித்திங்களின் மேல்காற்றில் அகன்ற நீர்ப்பரப்பு அலையெழும். கரைக்குத் திரும்புங்காலம் அறியாதவன் உயிரோடு திரும்புதல் அரிது. ஆற்றில் ஒரு கூப்பிடு தூரத்திற் கரை இருந்தது, இங்கோ இல்லை.

சில ஆண்டுகட்கு முன் பண்ணவாடிப் பரிசல்துறையில் ஒரு முதியவரோடு யாம் பேசினோம். கிழியாத இடம் எவ்வாறு தெரியும் என வினவினோம். அவர் வெறும் நீரைச் சுட்டி, "அது புளியந்தோப்புங்க, வலை போடக்கூடாது. அதுக்கு இந்தப்பக்கம் களம், சுத்தமான தரை," என்றார். தாம் கண்டதன்று; மூழ்குமுன் அங்கே வாழ்ந்த தந்தையார் சொன்னது. நிலப்படம் வரையக் கற்பிக்கும் ஆசிரியராகிய எமக்கு நாணம் உண்டாயிற்று. உழுத நிலத்தை இழந்த குடியினர் அந்நிலத்தின் நினைவைக்கொண்டே மீன்பிடிக்கின்றனர்!

மழை பொய்த்து நீர் மிகக் குறையும் ஆண்டுகளில் பண்ணவாடியின் பழைய நந்தியும் தேவாலயக் கோபுரமும் வெளிப்படும். காண்பதற்கு வெளியூரார் திரள்வர். முதியவரோ அந்நாட்களில் பேரனை அழைத்துக்கொண்டு வெடித்த சேற்றில் நடப்பாராம். எந்தக் கட்டை இன்னும் நிற்கின்றது, எது உளுத்து வீழ்ந்தது என்று எண்ணிவருவதற்கு.