'கூலி': ஊதியத்தின் பெயர் ஆளின் பெயரான கதை

ஆங்கிலத்திற்குள் புகுந்த ஆசியச் சொற்களில் 'கூலி'யும் ஒன்று. ஆங்கில அகராதிகள் அதற்குத் தரும் பொருள் சுமை தூக்கும் ஆள், கூலியாள் என்பதாகும். தமிழிலோ கூலி என்பது முதலில் ஆளைக் குறிக்கவில்லை. உழைப்புக்குரிய ஊதியத்தையே குறித்தது. உடலை வருத்திச் செய்யும் முயற்சியின் பயனைச் சொல்லவே 619ஆவது குறளில் வள்ளுவர் இச்சொல்லைக் கையாண்டார். அதில் இழிவு சிறிதும் இல்லை. அப்படிப்பட்ட சொல் ஏச்சுச் சொல்லானது எப்படி?

ஆங்கிலச் சொல்லின் பிறப்பைப் பற்றி இரு கருத்துகள் உண்டு. குஜராத்தின் 'கோலி' மக்களின் பெயரிலிருந்து வந்தது என்பது ஒன்று. தமிழ்க் 'கூலி'யிலிருந்து வந்தது என்பது மற்றொன்று. இரண்டும் கலந்திருக்கலாம் என்போரும் உளர். போர்த்துகீசியரும் பின்னர் ஆங்கிலேயரும் அதைத் துறைமுகந்தோறும் கொண்டு சென்றனர்.

1833இல் பிரிட்டன் அடிமை ஒழிப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. கரும்புத் தோட்டங்களுக்கு வேறு ஆட்கள் தேவைப்பட்டனர். 1834 முதல் இந்தியர்கள் ஒப்பந்தத்தின் பேரில் மொரீஷியசுக்குக் கப்பலேற்றப்பட்டனர். மலாயாவுக்கு அவ்வாறு வந்த தமிழர்கள் 'சஞ்சிக்கூலிகள்' எனப்பட்டனர். இங்கு அந்த ஒப்பந்த முறை 1910இல் முடிவுக்கு வந்தது. கங்காணிகள் வழியாக ஆள் எடுப்பது 1938இல் இந்திய அரசு தடை விதிக்கும்வரை நீடித்தது. சீனத் தொழிலாளர்களுக்கும் இதே பெயர்தான். சீனர்கள் அச்சொல்லைக் 'கசப்பான உழைப்பு' என்று பொருள்படும் எழுத்துகளால் எழுதினர்.

தென்னாப்பிரிக்காவில் இச்சொல் இன்னும் ஒரு படி கீழே இறங்கியது. 1893இல் அங்குச் சென்ற காந்தியடிகள் 'கூலி பாரிஸ்டர்' என்றே அழைக்கப்பட்டார். இந்திய வணிகர்கள் 'கூலி வணிகர்கள்' ஆனார்கள். படிப்போ பணமோ அந்தப் பெயரை மாற்றவில்லை. செய்யும் வேலையைச் சுட்டிய சொல், பிறந்த இனத்தைச் சுட்டும் சொல்லாகிவிட்டது.

மொரீஷியசின் போர்ட் லூயிஸ் நகரில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் வந்திறங்கிய துறை முன்பு 'கூலி காட்' எனப்பட்டது. குடியேறியோர் துறை என்னும் பொருளில் அது 'ஆப்ரவாசி காட்' என்று பெயர் மாறியது. 2006இல் யுனெஸ்கோ அதை உலக மரபுடைமைத் தலமாக அறிவித்தது.

சஞ்சிக்கூலிகளின் பேரப்பிள்ளைகள் இச்சொல்லைக் கேட்டு வெட்கப்படத் தேவையில்லை. உழைப்பை வாங்கிக்கொண்டு உரிய கூலியைத் தர மறுத்தவர்களே வெட்கப்பட வேண்டியவர்கள்.