சுண்ணாம்புக் கம்பத்தில் இரண்டு மணி நேரம்

நண்பர் ஒருவர் ஸ்பெயினுக்குக் குழுவாகப் போய்வந்தார். கோர்தோபாவுக்கு ஒதுக்கப்பட்டது அரை நாள். 785-ல் கட்டத் தொடங்கிய மசூதி, அதன் வயிற்றுக்குள் பதினாறாம் நூற்றாண்டில் எழும்பிய தேவாலயம், எல்லாவற்றையும் பார்த்து முடித்து மதியச் சாப்பாட்டுக்கு பஸ் ஏறிவிட்டார்களாம். "கொடி பிடிச்சவர் பின்னாடி ஓடினதுதான் ஞாபகம் இருக்கு" என்றார். நான் சிரித்தேன். அடுத்த மாதமே செங்காங்கில் எங்கள் புளோக்கைச் சேர்ந்த பதினெட்டுப் பேரோடு லிட்டில் இந்தியாவில் இரண்டு மணி நேர நடைக்குப் பெயர் கொடுத்தேன். இருபது வருடங்களாக வாரம் தவறாமல் காய்கறி வாங்கும் இடம். அதைச் சுற்றிப்பார்க்கப் போகிறேன் என்று சொல்லவே கூச்சமாக இருந்தது.

செங்காங்கிலிருந்து ஊதா ரயிலில் ஒன்பதாவது நிறுத்தம். 2003-ல் ஓடத் தொடங்கிய இந்த ரயில் பெரும்பாலும் பழைய சிராங்கூன் சாலையை ஒட்டியே போகிறது. நகரத்தையும் வடகிழக்கே இருந்த சிராங்கூன் துறையையும் இணைக்கப் போட்ட சாலை அது. அந்தக் கோடியில் கங்கார் என்ற மீனவக் கிராமம் இருந்தது. செங்காங் வட்டாரத்துக்கும் முன்பு அதே பெயர்தான். ஆக, நாங்கள் சுற்றுலாப் போனது எங்கள் சாலையின் இன்னொரு முனைக்கு.

வழிகாட்டி கல்லூரி முடித்த பெண், நல்ல குரல். "இது இந்தியர்களின் பேட்டை" என்று ஆரம்பித்தார். அங்கேயே எனக்கு இடித்தது. 1840-களில் ஃபேரர் பார்க் பக்கம் குதிரைப் பந்தய மைதானம் வந்தபோது இங்கே வீடு கட்டிக்கொண்டவர்கள் ஐரோப்பியர்கள். பிறகு மாட்டு வியாபாரம் வந்தது. அதில் பெரிய கை பெலிலியோஸ், கல்கத்தாவிலிருந்து வந்த யூதர். அவர் பெயரில் இன்றும் தெரு இருக்கிறது. பஃபலோ ரோடு, கெர்பாவ் ரோடு இரண்டுமே எருமைதான், ஒன்று ஆங்கில எருமை, மற்றது மலாய் எருமை. மாடு பார்க்கவும் பால் கறக்கவும் வந்த தமிழர்கள் அதைச் சுற்றித் தங்கினார்கள். 'லிட்டில் இந்தியா' என்ற பெயரோ பயணத்துறை பரப்பியது, என் வயதுகூட ஆகாதது.

எங்களோடு வந்த எழுபது தாண்டிய அக்கா ஒருவர் பஃபலோ ரோட்டில் பிறந்தவர். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "நாங்க தேக்கான்னு சொல்லுவோம். எங்கப்பா சுண்ணாம்புக் கம்பம்னுதான் சொல்வாரு."

இந்தப் பகுதியில் இருந்த சுண்ணாம்புக் காளவாய்களால் வந்த பெயர் அது. வழிகாட்டியின் தாளில் அது இல்லை. எனக்கு அந்த ஒரு சொல்லே போதும். ஏனென்றால் இந்த நகரத்தின் வெள்ளைச் சுவர்களே அதற்குள் இருக்கின்றன. 1825 ஏப்ரலில் பென்கூலனிலிருந்து முதல் தொகுதிக் கைதிகள் இங்கே இறக்கப்பட்டார்கள். அதில் 80 பேர் மதராஸிலிருந்து நாடு கடத்தப்பட்டவர்கள். அடுத்து வங்காளக் கைதிகள். 1873-ல் அந்தச் சிறை கலைக்கப்படும்வரை சாலை போட்டது, சதுப்பு தூர்த்தது, செங்கல் சுட்டது எல்லாம் அவர்கள்தான். 1862-ல் அபிஷேகமான செயிண்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தின் உட்சுவரில் இருப்பது மதராஸ் சுண்ணம். கிளிஞ்சல் சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் நாட்டுச் சர்க்கரையும் சேர்த்து அடித்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீரில் குழைத்துப் பூசி, காய்ந்ததும் கல்லால் தேய்த்துப் பளபளப்பாக்குவார்கள். செட்டிநாட்டு வீடுகளில் கை வைத்துப் பார்த்தவர்களுக்கு அந்தக் குளிர்ச்சி தெரியும். விலங்கோடு வந்தவர்கள் அதை இங்கே பூசினார்கள். கட்டடக்காரர் என்று கல்வெட்டில் ஏறுவது வேறொருவர் பெயர்.

டன்லப் ஸ்திரீட் அப்துல் கஃபூர் பள்ளிவாசலில் கொஞ்சம் நின்றோம். குதிரை லாயங்களில் வேலை பார்த்த பாவியர்களும் தமிழ் முஸ்லிம் வியாபாரிகளும் தொழுத பழைய மரப் பள்ளி இருந்த இடம். 1907-ல் இப்போதைய கட்டடத்தைத் தொடங்கியவர் ஒரு சட்ட நிறுவனத்தின் தலைமை எழுத்தர். முகப்பில் இருபத்தைந்து கதிர்கள் கொண்ட சூரியன், ஒவ்வொரு கதிரிலும் ஒரு நபியின் பெயர். இதழ் இதழாக மடியும் அந்த வளைவுகளைப் பார்த்தபோது நண்பர் அனுப்பிய கோர்தோபா படங்கள் நினைவுக்கு வந்தன. அங்கே மூர்கள் விரட்டப்பட்டார்கள், வளைவு மட்டும் ஊர் ஊராகச் சுற்றி இங்கே வந்து தங்கிவிட்டது.

நடை முடிந்தது ரேஸ் கோர்ஸ் ரோடும் ஹேம்ப்ஷர் ரோடும் சந்திக்கும் இடத்துக்குப் பக்கத்தில். வழிகாட்டி நன்றி சொல்லத் தொடங்கினார். 2013 டிசம்பர் 8, ஞாயிறு இரவு, இந்த முனையில்தான் தமிழ்நாட்டுக் கட்டுமானத் தொழிலாளி ஒருவர் பேருந்தில் சிக்கி இறந்தார். வயது 33. பிறகு நடந்த கலவரம் நாற்பது ஆண்டுகளில் இங்கே காணாதது. ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். 2015-ல் வந்த மதுச் சட்டம் இந்தப் பேட்டையைத் தனி வட்டமாக்கியது.

"அதப் பத்தி ஒண்ணும் சொல்லலையேம்மா?" என்று கேட்டேன்.

"அது ஸ்கிரிப்ட்ல இல்ல அங்கிள்" என்றார். பொய் இல்லை. அவரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. 1825-க்கு வந்தவர்களைப் பற்றியும் அந்தத் தாளில் ஒரு வரிதான் இருந்தது.

அன்றும் ஞாயிறு. புல்வெளியில் பையன்கள் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்து ஊருக்கு வீடியோ கால் பேசிக்கொண்டிருந்தார்கள். கழுத்தில் அட்டை தொங்க நாங்கள் நின்றதைப் பார்த்து ஒருவன் அக்காவிடம் கேட்டான்.

"என்னக்கா கூட்டம்?"

"டூர் தம்பி."

"எங்க போறீங்க?"

"இங்கதான்."

அவன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "இங்க என்னக்கா இருக்கு?" என்றான். அக்கா பையைக் கீழே வைத்துவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். நாங்கள் மற்றவர்கள் ரயிலுக்கு நடந்தோம்.