பாம்புத் தோலும் பெருச்சாளியும்

அமெரிக்கர்களுக்கு வீட்டுக்கு வீடு ஒரு தலைவலி உண்டு. பெயர் ரக்கூன். கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பட்டை, திருடன் முகமூடி போட்ட மாதிரி இருக்கும். ராத்திரியில் வந்து குப்பைத் தொட்டியைக் கவிழ்க்கும், பரணில் ஏறிக் குட்டி போடும். நம் பக்கம் அது கிடையாது. நமக்கு வாய்த்தது பெருச்சாளி!

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் பக்கத்து ஆட்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. உப்பு போட்டு அடுக்கிய பச்சைத் தோல், அதிலிருந்து சுரண்டிப் போட்ட கொழுப்பு, கூடவே பிரியாணிக் கடைகளின் மிச்சம் மீதி. பெருச்சாளிக்கு வேறென்ன வேண்டும்? ஆங்கிலத்தில் அதைப் பாண்டிகூட் என்கிறார்கள். தெலுங்கின் 'பந்தி கொக்கு' என்பதுதான் அப்படி ஆனது. பன்றி எலி என்று அர்த்தம். வெள்ளைக்காரன் அதற்குப் பெயரைக்கூட நம் பக்கத்தில்தான் கடன் வாங்கியிருக்கிறான்.

நாம் என்ன செய்வோம்? கூண்டில் மசால் வடையோ கருவாடோ வைப்போம். அதில் சுண்டெலி விழும், பெருச்சாளி சட்டை செய்யாது. அடுத்தது எலி பேஸ்ட். அதிலிருக்கும் மஞ்சள் பாஸ்பரஸ் மனிதனின் கல்லீரலையும் அழித்துவிடும். எலியை விடுங்கள், அதனால் செத்த மனிதர்கள் தமிழ்நாட்டில் ஏராளம்.

ஆனால் விஷமே இல்லாமல் எலி பிடிப்பதைத் தொழிலாகக் கொண்டவர்கள் நம் வட மாவட்டங்களில் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். இருளர்கள். வளை வாயைப் பார்த்தே உள்ளே எலி இருக்கிறதா என்று சொல்லிவிடுவார்கள். மற்ற வழிகளை அடைத்துவிட்டு, அடியில் ஓட்டை போட்ட மண்பானையில் வைக்கோலைக் கொளுத்தி, வாயால் ஊதிப் புகையை உள்ளே அனுப்புவார்கள். பிறகு தோண்டி எடுப்பது. எலி சேர்த்து வைத்த நெல்லும் அவர்கள் அடுப்புக்குத்தான். ஊதி ஊதி உதடு வெந்து, நெஞ்சில் புகை ஏறியதுதான் மிச்சம். 2003-ல் உலக வங்கியின் போட்டி ஒன்றில் பரிசு பெற்ற தமிழ்நாட்டுத் தொண்டு நிறுவனம் கையால் சுற்றும் இரும்புக் கருவி செய்து கொடுத்த பிறகுதான், அதுவும் சிலருக்கு மட்டும், இந்தத் தொல்லை குறைந்தது.

இதே இருளர்களுக்கு இன்னொரு வேலையும் இருந்தது: தோலுக்காகப் பாம்பு பிடிப்பது. தோலால் சோறு தின்னும் ஊர்க்காரன் இதை எழுதுவது கொஞ்சம் சங்கடம்தான், பரவாயில்லை. ஐரோப்பியப் பெண்களின் கைப்பைக்கும் செருப்புக்கும் ஆண்டுதோறும் லட்சக்கணக்கில் பாம்புத் தோல் இந்தியாவிலிருந்து போனது. பிடித்தவனுக்குச் சில்லறை, ஏற்றுமதி செய்தவனுக்கு லாபம். பி.காம். படிப்பதால் எனக்கு எதைப் பார்த்தாலும் பேரேடுதான் ஞாபகம் வரும். தோல் விற்ற பணம் அந்நியச் செலாவணியாக வரவில் ஏறியது. அந்தச் சாரைப்பாம்பு உயிரோடு இருந்தால் தின்றிருக்கும் எலிகளை எந்தக் கணக்கப்பிள்ளையும் எழுதவில்லை. வயலில் போன நெல் எந்த நஷ்டக் கணக்கிலும் வரவில்லை.

1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976-ல் பாம்புத் தோல் ஏற்றுமதிக்குத் தடை. சரியான சட்டம்தான், சந்தேகமில்லை. ஆனால் இருளர் வீட்டு அடுப்பு? அதற்குச் சட்டத்தில் ஒரு வரியும் இல்லை. ரோமுலஸ் விட்டேகரும் இருளர்களும் சேர்ந்து 1978-ல் ஒரு கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார்கள். சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இருக்கிறது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், இந்த நாலையும் பிடித்து, சில வாரம் வைத்து விஷம் எடுத்துவிட்டு, திரும்பக் காட்டில் விடுகிறார்கள். பாம்புக்கடிக்கு நமக்குப் போடும் ஊசி மருந்து அந்த விஷத்திலிருந்துதான் தயாராகிறது. செத்த பாம்பு ஒரு தடவைதான் காசு, உயிருள்ள பாம்பு பல தடவை. இதைக் கண்டுபிடிக்க எம்.பி.ஏ. தேவைப்படவில்லை!

இப்போது ரக்கூனுக்கு வருவோம். ஃப்ளோரிடாவில் செல்லமாக வளர்த்த பர்மிய மலைப்பாம்புகள் வெளியே போய்ப் பெருகிவிட்டன. எவர்கிளேட்ஸ் தேசியப் பூங்காவில் ரக்கூன் கண்ணில் படுவது 99 சதவீதம் குறைந்துவிட்டது என்று 2012-ல் வந்த ஓர் ஆய்வு சொன்னது. ஊருக்குள் தொல்லை கொடுக்கும் பிராணி காட்டில் காணோம்! 2016-ல் மலைப்பாம்பு வேட்டைப் போட்டி வைத்தார்கள். ஆயிரம் பேர் ஒரு மாதத்தில் பிடித்தது 106. மறு வருடம் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரண்டு இருளர்களை அழைத்துப் போனார்கள். இரண்டு வாரத்துக்குள் 13 பிடித்தார்கள். ஆளுக்கு எத்தனை என்று நீங்களே வகுத்துப் பாருங்கள்.

அதற்கு இரண்டு வருடம் கழித்து, 2019 ஜூலையில், காஞ்சிபுரம், அன்றைய வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 கொத்தடிமைகளை மீட்டார்கள். அவர்களும் இருளர்கள்தான். வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கிடைத்தது.