'டீடாக்ஸ்' உணவுமுறை: பலன் உண்டா? அபாயங்கள் என்ன?

சில நாள்களுக்குத் திட உணவைத் தவிர்த்து, பழச்சாறு, காய்கறிச் சாறு, மூலிகை பானங்களை மட்டுமே அருந்தும் 'டீடாக்ஸ்' எனப்படும் நச்சுநீக்க உணவுமுறையைப் பலர் பின்பற்றி வருகின்றனர். ஆனால், இதனால் உடலிலுள்ள நச்சுகள் வெளியேறுகின்றன என்பதற்கு உறுதியான அறிவியல் சான்றுகள் இல்லை.

உடலைத் தூய்மைப்படுத்தும் பணியைக் கல்லீரலும் சிறுநீரகங்களும் இடைவிடாது மேற்கொள்கின்றன. மது, மருந்துகள் உள்ளிட்டவற்றைக் கல்லீரல் வேதிமாற்றம் செய்து, உடலிலிருந்து வெளியேறத்தக்க பொருள்களாக மாற்றுகிறது. சிறுநீரகங்கள் நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் திரவத்தை வடிகட்டி, கழிவுகளைச் சிறுநீராக வெளியேற்றுகின்றன.

எடை குறைவது ஏன்?

இந்த உணவுமுறையைத் தொடங்கிய சில நாள்களிலேயே எடை குறைவது உண்மை. எனினும், அதில் பெரும்பகுதி உடலில் சேமிக்கப்பட்டுள்ள கிளைக்கோஜனும் அதனுடன் பிணைந்த நீருமே ஆகும். வழக்கமான உணவுக்குத் திரும்பியதும் அந்த எடை மீண்டும் கூடிவிடும். நச்சுநீக்க உணவுமுறைகள் குறித்த ஆய்வுகளைப் பரிசீலித்து 2015-ஆம் ஆண்டு வெளியான ஆய்வுக் கட்டுரையும், எடைக் குறைப்புக்கோ நச்சு நீக்கத்துக்கோ இவை உதவுவதாகக் கூற வலுவான ஆதாரம் இல்லை எனத் தெரிவித்தது.

அபாயங்கள்

அளவுக்கு அதிகமாக நீர் அருந்தினால் ரத்தத்தில் சோடியம் அளவு ஆபத்தான நிலைக்குக் குறையக்கூடும். பேதி மருந்துகளால் பொட்டாசியம் இழப்பு ஏற்படலாம். ஆக்சலேட் மிகுந்த பசலைக்கீரைச் சாற்றை அதிகம் அருந்துவது சிறுநீரகங்களைப் பாதிக்கலாம். இன்சுலின் செலுத்திக் கொள்ளும் நீரிழிவு நோயாளிகள் உணவைத் தவிர்த்தால் ரத்த சர்க்கரை அளவு திடீரெனச் சரியும் அபாயம் உள்ளது.

உடல்நலனுக்காக அருந்தும் சாறே உயிருக்கு உலைவைத்த நிகழ்வுகளும் உண்டு. 2010-ஆம் ஆண்டு தில்லியில் கசப்பான சுரைக்காய்ச் சாற்றை அருந்திய ஒருவர் உயிரிழந்தார். இது குறித்து ஆராய இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் (ஐசிஎம்ஆர்) நிபுணர் குழுவை அமைத்தது. கசப்புக்குக் காரணமான 'குக்கர்பிட்டாசின்' நச்சுக்குக் குறிப்பிட்ட மாற்று மருந்து கிடையாது. எனவே, சாறு எடுப்பதற்கு முன் சிறு துண்டைச் சுவைத்துப் பார்க்க வேண்டும்; கசந்தால் அந்தச் சுரைக்காயை அப்புறப்படுத்திவிட வேண்டும்; சாறு அருந்திய பின் வாந்தி, வயிற்றுப்போக்கு ஏற்பட்டால் உடனடியாக மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும் என்று அக்குழு அறிவுறுத்தியது.

யார் தவிர்க்க வேண்டும்?

கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், சிறார், முதியோர், நீரிழிவு, சிறுநீரக நோயாளிகள் ஆகியோர் மருத்துவ ஆலோசனையின்றி இத்தகைய உணவுமுறையை மேற்கொள்ளக் கூடாது. மாறாக, தினசரி உணவுத் தட்டில் பாதியளவு காய்கறி, பழம், கீரை, கிழங்கு வகைகள் இடம்பெற வேண்டும் என்பதே ஐசிஎம்ஆர்-தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின் பரிந்துரையாகும்.