'மெட்ராஸ்' இன்னும் இருக்கு... அமெரிக்காவில்! பெரிய நகரங்களின் பெயர் சின்ன ஊர்களுக்கு வந்தது எப்படி?

சென்னை தன் பழைய பெயரை 1996-ல் கைவிட்டது. ஆனால் உலக வரைபடத்தில் 'மெட்ராஸ்' இன்னும் இருக்கிறது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில்!

பெயரைப் பார்த்துப் பெருநகரம் என்று நினைத்துவிட வேண்டாம். 2020 கணக்கெடுப்பின்படி அங்கே வசிப்பவர்கள் 7,456 பேர்தான். நம்ம ஊர் கணக்கில் ஒரு பேரூராட்சி. அரியலூர் மாவட்டத்து வரதராஜன்பேட்டை மாதிரி ஒரு ஊரை நினைத்துக்கொள்ளலாம். கடற்கரை கிடையாது. கேரட் விதை உற்பத்திக்குப் பேர் போன வறண்ட பகுதி. உள்ளூர்க்காரர்கள் உச்சரிப்பதும் 'மேட்ரஸ்' என்றுதான்.

துணியால் வந்த பெயர்

1900-களின் தொடக்கத்தில் அந்த ஊருக்கு முதலில் வேறொரு பெயரைத்தான் கேட்டிருக்கிறார்கள். ஏற்கெனவே அதேபோல் இன்னொரு ஊர் இருக்கிறது என்று தபால் துறை மறுத்துவிட்டது. அப்போது கடையில் இருந்த ஒரு துணிக்கட்டின் மேல் 'மெட்ராஸ்' என்று எழுதியிருந்ததாம். அதையே வைத்துவிட்டார்கள் என்பது அங்கே சொல்லப்படும் கதை. கட்டம் போட்ட பருத்தித் துணிக்கு மேல்நாடுகளில் இன்றைக்கும் 'மெட்ராஸ்' என்றுதான் பெயர். ஆக, அந்த ஊருக்குப் பெயர் கொடுத்தது கவர்னரோ கலெக்டரோ இல்லை, நம்ம பக்கத்து நெசவாளிகள்.

2017 ஆகஸ்ட் 21-ல் முழு சூரிய கிரகணம் வந்தபோது இந்தக் குட்டி ஊர் திடீரென்று உலகச் செய்தியானது. மேகம் மறைக்காமல் பார்க்கச் சிறந்த இடங்களில் ஒன்று என்பதால் பல்லாயிரம் பேர் குவிந்தார்கள். இரண்டு நிமிட இருட்டுக்காக!

இன்னொரு வேடிக்கை: ஓரிகன் மாநிலத்தின் தலைநகரம் பெயர் என்ன தெரியுமா? சேலம்! ஆனால் அது பைபிளில் இருந்து எடுத்த பெயர். நம்ம சேலத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. போனில் ஆங்கிலத்தில் சேலம் வெயில் நிலவரம் தேடும்போது ஊரைச் சரிபார்த்துக்கொள்வது நல்லது.

தொப்பியில் போட்ட சீட்டு

அமெரிக்காவில் இந்த மாதிரி ஊர்கள் ஏராளம். டெக்சாஸில் ஒரு பாரிஸ் இருக்கிறது. மக்கள்தொகை 25 ஆயிரம்கூட இல்லை. ஆனாலும் சின்னதாக ஒரு ஈபிள் டவர் கட்டி, அதன் தலையில் சிவப்பு கவ்பாய் தொப்பியை மாட்டிவிட்டார்கள். நியூயார்க் மாநிலத்து டெல்லியை 'டெல்ஹை' என்று சொல்ல வேண்டும்.

ஜார்ஜியா மாநிலத்து ரோம் கதை இன்னும் சுவாரஸ்யம். 1834-ல் ஊரை அமைத்தவர்கள் ஆளுக்கொரு பெயரைச் சீட்டில் எழுதித் தொப்பியில் போட்டுக் குலுக்க, ரோம் வந்தது. சுற்றிலும் ஏழு குன்றுகள் இருந்ததும் பொருந்திவிட்டது. 1929-ல் முசோலினியின் இத்தாலி, ஓநாய் சிலை ஒன்றைப் பரிசாக அனுப்பியது. 1940-ல் இத்தாலி போரில் குதித்ததும் சிலையைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டார்கள். திரும்ப வெளியே வந்தது 1952-ல்.

நம்ம ஊரில் காரணமே வேறு

தமிழ்நாட்டில் இந்தப் பழக்கம் அமெரிக்கா என்ற நாடு உருவாகும் முன்பே உண்டு. ஆனால் சீட்டுக் குலுக்கியோ துணிக்கட்டைப் பார்த்தோ வைத்த பெயர்கள் இல்லை. காசிக்கு நடந்துபோக மாதக்கணக்கில் ஆகும். போனவர் திரும்புவார் என்ற உத்தரவாதமும் இல்லை. போக முடியாதவர்களுக்குக் காசியையே இங்கே கொண்டுவருவதுதான் வழி. 15-ம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் சிற்றாற்றங்கரையில் காசி விஸ்வநாதர் கோயில் எழுப்பினார். அந்த ஊர்தான் தென்காசி. சிவகாசியின் பெயருக்கும் காசியில் இருந்து வந்த லிங்கத்தைத்தான் காரணமாகச் சொல்கிறது தலபுராணம். இன்றைக்குப் பட்டாசு என்றால்தான் அந்த ஊர் ஞாபகம் வருகிறது, அது வேறு விஷயம்.

இதெல்லாம் சின்ன ஊருக்குப் பெரிய பெயர் வைத்த கதை. பெயர் அப்படியே இருக்க, ஊர் சுருங்கிப்போன கதையும் உண்டு. அதற்கு வரதராஜன்பேட்டை இருக்கும் அதே அரியலூர் மாவட்டத்துக்குத்தான் போக வேண்டும். கங்கை வரை படை அனுப்பி வென்றதன் நினைவாக ராஜேந்திர சோழன் உருவாக்கிய கங்கைகொண்ட சோழபுரம், சுமார் 250 ஆண்டுகள் சோழர்களின் தலைநகரம். இப்போது அது ஒரு கிராமம். அரண்மனை இருந்த மாளிகைமேட்டில் மிஞ்சியிருப்பது செங்கல் அடித்தளம். யுனெஸ்கோ பட்டியலில் உள்ள பெரிய கோயில் நிற்கிறது. அதன் சுற்றுமதில் கற்களை மட்டும் 1836-ல் கொள்ளிடத்தின் குறுக்கே அணைக்கரையில் அணை கட்ட எடுத்துப் போய்விட்டார்கள்.